ஏஜென்ட் தன் மாறியை எங்கே வைத்திருக்கிறது, எப்போது மாற்றுகிறது?

சிமுலேஷன் திரையில் நூறு ஆடுகள் மேய்கின்றன. பார்க்கிறவருக்கு அசைவு தெரியும். கணினிக்குத் தெரிவது எண்கள் மட்டும்தான். ஓர் ஆடு என்பது இந்த இடம், இந்தத் திசை, இவ்வளவு ஆற்றல் என்று சில மதிப்புகளின் தொகுப்பு. அந்த மதிப்பு ஒவ்வொன்றையும் ஒரு பெயரில் வைத்திருக்கும் இடம்தான் மாறி. ஆடு நடந்தது என்றால் இடத்தைக் குறிக்கும் எண்கள் மாறின. புல் தின்றது என்றால் ஆற்றல் கூடியது, கூடவே தரையின் நிறமும் மாறியது. செத்தது என்றால் அந்தத் தொகுப்பே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஏஜென்ட் அடிப்படையிலான சிமுலேஷனின் அடிப்படை எண்ணம் இதுதான்: மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு சமன்பாடு எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வோர் உறுப்புக்கும் சின்னச் சின்ன விதிகளைக் கொடுத்து, அவை ஒன்றோடொன்று மோதும்போது மொத்தத்தில் என்ன விளைகிறது என்று பார்ப்பது. அந்த உறுப்புதான் ஏஜென்ட். அது ஆடாக இருக்கலாம், வண்டியாக இருக்கலாம், வாக்காளராக, செல்லாக, நிறுவனமாக இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விதிகளை எழுதுவதிலேயே முழுக் கவனத்தையும் செலவழிப்பார்கள். மாறிதானே, எங்கே வைத்தால் என்ன என்று இருந்துவிடுவார்கள். என் கணிப்பில், விதிக்கு முன்பே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. இந்த மாறி யாருடையது? அது மாறியது மற்றவர்களுக்கு எப்போது தெரியும்? முதல் கேள்வியில் தவறினால் நிரல் திணறும், எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதில் தவறினால் நிரல் ஒழுங்காகவே ஓடும், வரைபடமும் அழகாக வரும். விடை மட்டும் வேறாக இருக்கும்.

யாருடைய மாறி?

இதைப் பார்க்க நெட்லோகோ வசதியான இடம். உரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய இந்த மென்பொருளை இன்றும் பாடம் நடத்துகிறவர்களும் ஆராய்ச்சி செய்கிறவர்களும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கு வகை ஏஜென்ட்கள் உண்டு. நகர்கிறவை டர்ட்டில்கள். தரையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பேட்ச். இரண்டு டர்ட்டில்களை இணைப்பது லிங்க். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்து உத்தரவு போடுவது அப்சர்வர்.

டர்ட்டில் ஒன்று உருவானதும் சில மாறிகள் தானாகவே அதனுடன் வந்துவிடும்: அடையாள எண், நிறம், திசை, எக்ஸ்-ஒய் ஆயங்கள், வடிவம், அளவு என்று மொத்தம் 13. திசை 0 என்றால் வடக்கு. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் கோணம் கூடும். இவை போக நமக்கு வேண்டியதை 'டர்ட்டில்ஸ்-ஓன்' என்ற அறிவிப்பின் கீழ் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே 'ஆற்றல்' என்று ஒரே ஒரு முறை எழுதினால் போதும், நூறு டர்ட்டில்களுக்கு நூறு தனித்தனி ஆற்றல் கிடைத்துவிடும். ஒவ்வொரு டர்ட்டிலும் தன் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறிப்பேட்டிலும் தலைப்புகள் ஒன்றுதான். உள்ளே எழுதியிருக்கும் எண்கள் வேறு.

இங்கேயே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நாம் சேர்த்த மாறிக்கு நெட்லோகோ கொடுக்கும் தொடக்க மதிப்பு 0. ஆற்றலுக்கு மதிப்பு வைக்க மறந்துவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லா ஆடுகளும் 0-வில் தொடங்கும், புல் கிடைக்காதவை முதல் சுற்றிலேயே செத்து விழும். மாடலில் ஏதோ சூழலியல் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பதற்கு முன்னால் தொடக்க மதிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, எதை எங்கே வைப்பது? ஒரு தொற்றுநோய் மாடலை எடுத்துக்கொள்வோம். 'தொற்றி எத்தனை நாள் ஆகிறது' என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அது ஏஜென்டின் மாறி. 'இந்த இடத்தில் கிருமி எவ்வளவு ஒட்டியிருக்கிறது' என்பது ஆள் நகர்ந்த பிறகும் அங்கேயே இருக்கும், ஆகவே பேட்சின் மாறி. 'இந்த இருவரும் எத்தனை முறை சந்திக்கிறார்கள்' என்பதை இருவரில் ஒருவரிடம் வைத்தால் மற்றவரிடமும் வைக்க வேண்டிவரும். இரண்டு பிரதிகளும் ஒரு நாள் முரண்படும். அது லிங்கின் மாறி. 'ஒரு சந்திப்பில் தொற்றும் வாய்ப்பு' எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் பொது மாறி. நாளைக்கு, தடுப்பூசி போட்டவருக்கு அந்த வாய்ப்பு குறைவு என்று மாடலை விரித்தால், அன்றைக்கு அது பொது இடத்தை விட்டு ஏஜென்டிடம் குடிபோகும். மாடல் வளர வளர மாறிகள் இப்படி இடம் மாறுவது சகஜம்.

நெட்லோகோவில் ஒரு டர்ட்டில், தான் நிற்கும் பேட்சின் மாறிகளைத் தன் சொந்த மாறி போலவே படிக்கலாம், எழுதலாம். ஆடு தன் காலடியில் இருக்கும் கட்டத்தின் நிறத்தை நேரடியாகப் பழுப்பாக்கிவிட முடியும். ஆனால் பேட்ச் தன் மேல் நிற்கும் டர்ட்டிலின் மாறியை அப்படித் தொட முடியாது. காரணம் எளிது: டர்ட்டில் எப்போதும் ஒரே ஒரு பேட்சின் மேல்தான் நிற்கும், பேட்சின் மேல் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். எந்த டர்ட்டிலின் ஆற்றல் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. 'இங்கிருக்கும் டர்ட்டில்களே' என்று கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில், ஏஜென்ட் மாடல்களுக்கான மேசா போன்ற நூலகத்தைக் கொண்டு எழுதும்போது, ஏஜென்ட் என்பது ஒரு கிளாஸ், அதாவது ஓர் அச்சு. ஒவ்வோர் ஏஜென்டும் அந்த அச்சில் வார்த்த ஓர் ஆப்ஜெக்ட். இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து வேறு. ஏஜென்டின் நினைவுகளுக்கு ஒரு காலிப் பட்டியலை கிளாஸின் உடம்பிலேயே எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் அது எல்லா ஆப்ஜெக்ட்டுகளுக்கும் பொதுவான ஒரே பட்டியல். ஓர் ஏஜென்ட் ஒன்றைச் சேர்த்தால் அது ஆயிரம் பேருக்கும் நினைவுக்கு வந்துவிடும். எண்ணாக இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஏனென்றால் 'செல்ஃப்' (இந்த ஆப்ஜெக்ட் என்று பொருள்) வழியாகப் புதிய மதிப்பு வைத்ததும் ஆப்ஜெக்ட்டுக்கென்று தனி மாறி உண்டாகிவிடும். பட்டியல் மட்டும் காட்டிக்கொடுக்கும். பட்டியலை ஆப்ஜெக்ட் பிறக்கும் இடத்தில், அதாவது இனிட் ஃபங்ஷனுக்குள், உருவாக்கினால் தீர்ந்தது.

இன்னொன்று. எல்லா மாறிகளும் மாறுவதில்லை. ஜோஷுவா எப்ஸ்டீனும் ராபர்ட் ஆக்ஸ்டெலும் 1996-இல் வெளியிட்ட, ஏஜென்ட்கள் சர்க்கரை தேடி அலையும் சுகர்ஸ்கேப் மாடலில், ஏஜென்டின் பார்வைத் தூரம் 1 முதல் 6 வரை, ஒரு சுற்றில் அது எரிக்கும் சர்க்கரை 1 முதல் 4 வரை. இரண்டும் பிறக்கும்போதே குறிக்கப்பட்டவை. கையிருப்புச் சர்க்கரையும் நிற்கும் இடமும்தான் சுற்றுக்குச் சுற்று மாறுபவை. எது பிறவிக் குணம், எது அன்றாட நிலை என்று எழுதும்போதே பிரித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு ஒரு விதி தவறுதலாகப் பார்வைத் தூரத்தை மாற்றும்போது உறைக்கும்.

வைத்துக்கொள்ளவே தேவையில்லாத மாறிகளும் உண்டு. பிறந்த சுற்றின் எண்ணை வைத்துக்கொண்டால் வயதைக் கழித்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 'என்னைச் சுற்றி எத்தனை பேருக்குத் தொற்று' என்பதைச் சேமித்து வைப்பது இன்னும் ஆபத்து. அண்டை வீட்டார் நகர்ந்ததும் அந்த எண் பழசாகிவிடும், பழசானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்கிட நேரம் அதிகம் பிடித்தால் மட்டும் சேமிக்கலாம்.

ஒரு டிக்குக்குள் நடப்பது

சிமுலேஷனில் காலம் டிக் டிக்காக நகர்கிறது. ஒரு டிக் ஒரு நாளா, ஒரு மணி நேரமா என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வோர் ஏஜென்டுக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும்.

நெட்லோகோவுடனேயே வரும் ஓநாய்-ஆடு மாடலில் ஓநாய்களை விட்டுவிட்டு ஆட்டையும் புல்லையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டின் ஒரு டிக், தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

இடம் மாறு
ஆற்றல் = ஆற்றல் − 1
இங்கே புல் இருந்தால்: ஆற்றல் = ஆற்றல் + 4, இந்தப் பேட்சின் நிறம் = பழுப்பு
ஆற்றல் 0-க்குக் கீழே என்றால்: செத்துவிடு
நூற்றில் 4 வாய்ப்பு விழுந்தால்: ஆற்றல் = ஆற்றல் ÷ 2, ஒரு குட்டி போடு

'ஆற்றல் = ஆற்றல் − 1' என்ற வரியைக் கணக்குப் பாடத்துச் சமன்பாடாகப் படித்தால் தலை சுற்றும். வலப்பக்கம் முதலில் கணக்கிடப்படுகிறது: இப்போதுள்ள ஆற்றலை எடு, ஒன்றைக் கழி. வந்த விடை இடப்பக்கத்துப் பெயரில் எழுதப்படுகிறது. பழைய மதிப்பு அந்த நொடியே போய்விட்டது. வேண்டுமென்றால் முன்கூட்டியே இன்னொரு மாறியில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆற்றல் 1 உள்ள ஆடு ஒன்றைப் பின்தொடர்வோம். முதல் டிக்கில் நடந்தது, 0 ஆனது. புல் இல்லை. 0 என்பது 0-க்குக் கீழே அல்ல, ஆக உயிரோடு இருக்கிறது. இரண்டாம் டிக்கில் நடந்தது, −1. இந்த முறை காலடியில் புல். 4 கூடி 3 ஆனது. பிழைத்தது. இப்போது மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் இடம் மாற்றிப் பாருங்கள். −1 ஆன உடனே சாவு விதி வந்துவிடும். புல்லின் மேல் நின்றுகொண்டே ஆடு செத்துப்போகும். விதிகள் ஐந்தும் அவைதான். வரிசை மாறியதில் ஓர் உயிர் போனது, மாடலின் கடைசிக் கணக்கில் ஆட்டு மந்தையின் அளவும் மாறும்.

குட்டி போடும் வரியை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நெட்லோகோவில் 'ஹேட்ச்' என்ற கட்டளை குட்டியை உருவாக்கும்போது, அடையாள எண் தவிரத் தாயின் எல்லா மாறிகளையும் அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடும். மேலே சொன்ன ஆட்டுக்கு மூன்றாம் டிக்கில் ஆற்றல் 2 என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாதியாக்கி, பிறகு குட்டி போட்டால் தாய்க்கு 1, குட்டிக்கு 1. கூட்டினால் 2, சரி. முதலில் குட்டி போட்டு, பிறகு பாதியாக்கினால் குட்டிக்கு 2, தாய்க்கு 1. எங்கிருந்தோ ஓர் அலகு ஆற்றல் முளைத்துவிட்டது. பாதியாக்கவே மறந்தால் இரண்டும் 2. இப்படி ஆயிரம் பிரசவம் நடந்தால் மந்தை புல்லை நம்பி வாழவில்லை, நிரல்பிழையை நம்பி வாழ்கிறது. 'வயது' என்ற மாறியைச் சேமித்திருந்தால் அதையும் மீட்டமைக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி கிழமாகவே பிறக்கும்.

பேட்சுக்கும் ஒரு மாறி இருக்கிறது: புல் மறுபடி முளைக்க இன்னும் எத்தனை டிக் என்ற கீழெண்ணிக்கை. பழுப்பாக இருக்கும்வரை ஒவ்வொரு டிக்கிலும் ஒன்று குறையும். தீர்ந்ததும் நிறம் பச்சையாகி, எண்ணிக்கை மறுபடி முழுசாகிவிடும். அவ்வளவுதான்.

யார் முறை முதலில்?

இதுவரை ஒரே ஓர் ஆட்டுக்குள் நடந்ததைப் பார்த்தோம். உண்மையான தலைவலி, பல ஏஜென்ட்கள் ஒருவரையொருவர் பார்த்து மாறும்போதுதான் தொடங்குகிறது. கணினி அவர்களை ஒருவர்பின் ஒருவராகத்தான் அழைக்கும். ஆனால் நாம் மனதில் வைத்திருப்பது, எல்லோரும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் செய்வதாக. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

ஐந்து பேர் ஒரு வரிசையில் நிற்கிறார்கள்: அ, ஆ, இ, ஈ, உ. 'அ'வுக்கு மட்டும் தொற்று. விதி ஒன்றே ஒன்று: ஒட்டி நிற்பவருக்குத் தொற்று இருந்தால் எனக்கும் வந்துவிடும். ஒரு டிக் முடிந்ததும் எத்தனை பேருக்குத் தொற்று இருக்கும்? ஒரு நாளுக்கு ஓர் ஆள் தள்ளிப் பரவும், ஆகவே இரண்டு பேர் என்று தோன்றும்.

இடமிருந்து வலமாக அழைப்போம். 'ஆ' திரும்பிப் பார்க்கிறார், 'அ'வுக்குத் தொற்று; தன் மாறியை மாற்றிக்கொள்கிறார். அடுத்து 'இ' பார்க்கிறார், 'ஆ'வுக்குத் தொற்று. அது இப்போதுதான், இதே டிக்கில் வந்தது என்பது 'இ'க்குத் தெரியாது. மாறியில் இருப்பதைப் படிக்கிறார், மாற்றிக்கொள்கிறார். அப்புறம் 'ஈ', அப்புறம் 'உ'. ஒரே டிக்கில் ஐந்து பேரும் விழுந்துவிட்டார்கள். ஐந்துக்குப் பதில் ஐயாயிரம் பேர் நின்றிருந்தாலும் அதே ஒரே டிக்தான்.

வலமிருந்து இடமாக அழைத்தால்? 'உ' பார்க்கும்போது 'ஈ' நலம். 'ஈ' பார்க்கும்போது 'இ' நலம். கடைசியில் 'ஆ' மட்டும் தொற்றைப் பெறுகிறார். மொத்தம் இரண்டு பேர்.

இந்தப் பாரபட்சத்தைத் தவிர்க்கத்தான் நெட்லோகோவின் 'ஆஸ்க்' கட்டளை ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைத்து அழைக்கிறது. மேசாவிலும் அப்படிக் கலைத்து அழைக்கும் வசதி இருக்கிறது. கலைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'ஆ'வுக்கு எப்படியும் தொற்றும். 'இ'க்கு இதே டிக்கில் தொற்ற வேண்டுமானால் 'ஆ'வின் முறை அவருக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்; வாய்ப்பு 1/2. 'ஈ'க்குத் தொற்ற ஆ, இ, ஈ என்ற வரிசையிலேயே முறை விழ வேண்டும். மூவரை அடுக்க ஆறு வழி, அதில் ஒன்று, 1/6. 'உ'வுக்கு 1/24. புதிதாகத் தொற்றுபவர்களின் சராசரி 1 + 1/2 + 1/6 + 1/24, அதாவது சுமார் 1.71. வரிசை நீளமானால் இந்தக் கூட்டல் 1.718-ஐ நெருங்கும், இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718-இல் ஒன்று குறைந்த எண்.

ஆக, ஒரு நாளுக்கு ஓர் ஆள் என்று நாம் நினைத்த நோய், கலைத்து அழைக்கும்போது ஏறக்குறைய 72 விழுக்காடு வேகமாகப் பரவுகிறது. அப்படிப் பரவ வேண்டும் என்று எந்த வரியிலும் எழுதவில்லை. இதைக் கவனிக்காமல் மாடலை உண்மைத் தரவோடு பொருத்தினால், தொற்றும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைத்துப் பொருத்திவிடுவோம். பொருந்தியும்விடும். தவறு போய் அளவுருவுக்குள் ஒளிந்துகொள்ளும்; பிறகு யார் வந்து தேடினாலும் கிடைக்காது.

எல்லோரும் ஒரே சமயத்தில் மாற வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஏஜென்டுக்கு ஒரு மாறி போதாது, இரண்டு வேண்டும்: 'நிலை', 'அடுத்த நிலை'. ஒரு டிக்குக்குள்ளேயே இரண்டு சுற்று நடக்கும். முதல் சுற்றில் எல்லோரும் மற்றவர்களின் 'நிலை'யை மட்டும் படித்து, தங்கள் 'அடுத்த நிலை'யில் எழுதிக்கொள்கிறார்கள். யாருடைய 'நிலை'யும் இன்னும் மாறவில்லை, அதனால் யார் முதலில் வந்தாலும் ஒன்றுதான். எல்லோரும் முடித்த பிறகு இரண்டாம் சுற்று: 'அடுத்த நிலை'யை 'நிலை'க்கு நகலெடுப்பது. மேசாவில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் 'ஸ்டெப்', 'அட்வான்ஸ்' என்று இரண்டு ஃபங்ஷன்களாகப் பிரித்து வைப்பது வழக்கம். ஐந்து பேர் வரிசையில் இதைச் செய்தால் எப்படி அழைத்தாலும் ஒரு டிக்குக்கு 'ஆ' ஒருவர்தான்.

இரண்டு சுற்றுகளும் உண்மையிலேயே தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே 'ஆஸ்க்' தொகுதிக்குள் கணக்கிடும் வரியையும் அதற்கு அடுத்தே நகலெடுக்கும் வரியையும் எழுதிவிட்டால், ஒவ்வோர் ஏஜென்டும் தன் முறையிலேயே இரண்டையும் முடித்துவிடும், பழைய கதைதான். அதேபோல, 'அடுத்த நிலை'க்கு எல்லா நேர்வுகளிலும் மதிப்பு வைக்க வேண்டும். தொற்றினால் மட்டும் எழுதி, தொற்றாவிட்டால் சும்மா விட்டால், போன டிக்கின் எச்சம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' 1970-இல் வெளிவந்ததிலிருந்து இந்த இரட்டை மாறி உத்திக்கு நல்ல உதாரணமாக இருந்துவருகிறது. ஒரு கட்டம் உயிரோடு இருக்குமா என்பது அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எல்லாக் கட்டங்களும் முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு ஒன்றாக மாற வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் திரையில் ஊர்ந்து போகும் அந்தப் பிரபலமான கிளைடர் உருவமே கிடைக்காது.

ஆய்வாளர்களே மோதிக்கொண்ட கதை

இது தொடக்கநிலைக்காரர்களின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மார்ட்டின் நோவாக்கும் ராபர்ட் மேயும் 1992-இல் 'நேச்சர்' இதழில் ஒரு மாடலை வெளியிட்டார்கள். கட்டம் போட்ட தரையில் ஒவ்வொரு கட்டமும் ஒத்துழைப்பவர் அல்லது ஏமாற்றுபவர். அண்டையாருடன் விளையாடிப் புள்ளி சேர்ப்பார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் அதிகப் புள்ளி எடுத்தவரைப் பார்த்து அவர் போலவே மாறிக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில். கலைடாஸ்கோப் போலக் கோலங்கள் விரிந்தன, ஒத்துழைப்பவர்களும் ஏமாற்றுபவர்களும் சேர்ந்தே நீடித்தார்கள். புத்திசாலித்தனமோ நினைவாற்றலோ இல்லாமலே ஒத்துழைப்பு தழைக்கும் என்பது பெரிய செய்தியாக இருந்தது.

அடுத்த ஆண்டே பெர்னார்டோ ஹூபர்மேனும் நாட்டலி கிளான்ஸும் அதே விதிகளை எடுத்து, எல்லோரையும் ஒன்றாக மாற்றாமல் ஒருவர்பின் ஒருவராக மாற்றிப் பார்த்தார்கள். கோலங்கள் மறைந்தன. ஏமாற்றுபவர்கள் தரை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். இயற்கையில் எல்லோரையும் ஒரே நொடியில் மாறச் சொல்லும் கடிகாரம் எதுவும் கிடையாதே என்பது அவர்கள் வாதம். 1994-இல் நோவாக், செபாஸ்டியன் போன்ஹோஃபர், மே மூவரும் பதில் எழுதினார்கள்: ஏமாற்றுவதால் கிடைக்கும் ஆதாயத்தின் அளவை வேறாக வைத்தால், ஒருவர்பின் ஒருவராக மாற்றும்போதும் ஒத்துழைப்பு நீடிக்கிறது என்று காட்டினார்கள். எனக்கு இதில் பிடித்தது, இரு தரப்பும் விதியைப் பற்றிச் சண்டை போடவே இல்லை என்பதுதான். சண்டை முழுக்க மாறி எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

அப்படியானால் எப்போதும் இரட்டை மாறியைப் பயன்படுத்திவிடலாமா? கூடாது. ஒரே பேட்சில் இரண்டு ஆடுகள் நிற்கின்றன, காலடியில் ஒரு வேளைப் புல். எல்லோரும் பழைய நிலையைப் பார்த்தால் இரண்டு ஆடுகளுக்கும் புல் பச்சையாகத்தான் தெரியும். இரண்டும் 4 சேர்த்துக்கொள்ளும். ஒரு புல் இரண்டு வயிற்றை நிரப்பிவிட்டது. தாமஸ் ஷெல்லிங் 1971-இல் விவரித்த குடியிருப்புப் பிரிவினை மாடலிலும் இதே கதை: காலியாக உள்ள ஒரு கட்டத்தை இருவர் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுத்தால் யார் குடியேறுவது? ஒருவர்பின் ஒருவராகப் போனால் இந்தக் கேள்வியே எழாது. முதலில் வந்தவர் எடுத்துக்கொள்வார், அடுத்தவர் காலியில்லை என்று பார்த்துக்கொள்வார். யார் முதலில் என்பதை ஒவ்வொரு டிக்கிலும் கலைத்துவிட்டால் யாருக்கும் நிரந்தரச் சலுகை இருக்காது.

நான் வைத்துக்கொள்ளும் தோராயமான அளவுகோல்: மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றுகிற விஷயம் என்றால் (நோய், கருத்து, வதந்தி) இரட்டை மாறி; ஒருவர் எடுத்தால் மற்றவருக்கு இல்லாமல் போகிற விஷயம் என்றால் (புல், காலி இடம், பணம்) கலைத்து ஒருவர்பின் ஒருவராக. ஒரே மாடலுக்குள் இரண்டும் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறவில்லை என்றால் கவலையை விடலாம். மாறினால், அந்த மாற்றத்தையே அறிக்கையில் எழுத வேண்டும். வோல்கர் கிரிம் முதலானோர் 2006-இல் முன்வைத்த ஓடிடி (ODD: மேலோட்டம், வடிவமைப்புக் கருத்துகள், விவரங்கள்) என்ற விவரிப்பு முறை, மாடலில் யார் யாருக்கு என்னென்ன நிலை மாறிகள் என்பதையும், அவை எந்த வரிசையில் புதுப்பிக்கப்படுகின்றன என்பதையும் வெளிப்படையாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணும் நினைவகமும்

தசம எண்கள் ஒரு தனித் தொல்லை. ஆற்றல் 1.0-இல் தொடங்கி டிக்குக்கு 0.1 குறைகிறது, 0 அல்லது அதற்குக் கீழே போனால் சாவு என்று விதி. பத்தாவது டிக்கில் சாக வேண்டும். சாகாது. 0.1-ஐக் கணினியின் இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது என்பதால், பத்து முறை கழித்த பிறகு 0 வருவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து சுழியங்கள் தாண்டி 139 என்று ஏதோ ஒரு துளி மிச்சம் நிற்கும். அந்தத் துளி ஆற்றலில் ஏஜென்ட் இன்னொரு டிக் வாழும், அந்த டிக்கில் குட்டியும் போடலாம். ஆற்றலை 10 என்று வைத்து டிக்குக்கு 1 கழித்தால் இந்த வம்பே இல்லை. முடிந்த இடத்தில் எல்லாம் முழு எண்.

ஏஜென்ட்களின் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டும்போது மாறிகளை எப்படி அடுக்குகிறோம் என்பதும் கணக்குக்கு வரும். ஏஜென்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட் என்பது படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் வழக்கமான 64-பிட் பைத்தானில் ஒரே ஒரு தசம எண் 24 பைட் எடுக்கும். ஆப்ஜெக்ட்டின் மற்றச் செலவு தனி. மாற்று வழி, மாறிக்கு ஒரு நீண்ட வரிசையாக வைப்பது: எல்லாருடைய ஆற்றலும் ஒரு வரிசை, எல்லாருடைய வயதும் இன்னொரு வரிசை, 57-ஆம் ஏஜென்ட் என்றால் ஒவ்வொரு வரிசையிலும் 57-ஆம் இடம். எண்ணுக்கு 8 பைட் வீதம் பத்து லட்சம் பேரின் ஆற்றல் 80 லட்சம் பைட்டில், அதாவது சுமார் 8 எம்பியில், அடங்கிவிடும்; எல்லோரிடமும் ஒரே கட்டளையில் 1 கழிக்கலாம். செத்தவரின் இடம் ஓட்டையாக நிற்கும் என்பதால் 'உயிரோடு உண்டா' என்று இன்னொரு வரிசையும் வேண்டும். ஆரம்பத்தில் இதற்கெல்லாம் போக வேண்டாம். ஆப்ஜெக்ட்டே போதும்.

மாறிகள் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ரேண்டம் சீட் எண்ணை, அதாவது தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்ணை, நிலையாக வைத்துவிடுங்கள். அப்போதுதான் கலைக்கும் வரிசை உட்பட எல்லாமே ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரே மாதிரி வரும், பார்த்த பிழையை மறுபடி பார்க்க முடியும். அடுத்து, ஒரே ஓர் ஏஜென்டைப் பிடித்து நான்கைந்து டிக்குக்கு அதன் மாறிகளைத் தாளில் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். நெட்லோகோவில் டர்ட்டிலின் மேல் வலது க்ளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால் அதன் மாறிகள் அத்தனையும் ஒரு சன்னலில் திறக்கும், டிக்குக்கு டிக் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடைசியாக, மொத்தக் கணக்கு ஒன்று வையுங்கள். ஆட்டு மாடலில் ஒரு டிக் முடிவில் எல்லா ஆடுகளின் ஆற்றலையும் கூட்டினால் வர வேண்டிய எண் முன்கூட்டியே தெரியும்: டிக் தொடக்கத்தில் இருந்த கூட்டுத்தொகை, அதில் தொடக்கத்தில் இருந்த ஆட்டுக்கு ஒன்று வீதம் கழித்து, தின்ற புல்லுக்கு 4 வீதம் கூட்டி, செத்த ஆடுகள் சாகும்போது வைத்திருந்த மதிப்பைக் கழித்தால் வருவது. அந்த டிக்கில் பிறந்த குட்டிகளைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம், 'ஆஸ்க்' தொடங்கிய பிறகு பிறந்தவற்றுக்கு அடுத்த டிக்கில்தான் முறை வரும். பாதியாக்கும்போது தசமம் வரும் என்பதால் ஒரு துளி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் கணக்கு இடித்தால், குட்டி போடும் அந்த இரண்டு வரிகளை முதலில் பாருங்கள்.